சேமிக்கப்படாத இடைவெளி

மழைக்காலத்தில் நின்றுபோன லிஃப்ட், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியும் ஓடவில்லை. அத்தனை நாளும் அம்மா மூன்றாவது மாடியை விட்டுக் கீழே இறங்கவில்லை.

எங்கள் குடியிருப்பு சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பழைய கட்டடம், அதைவிடப் பழசாகத் தெரியும் லிஃப்ட். கையால் இழுத்து மூடும் கிரில் கதவு, உள்ளே ரசம் போன கண்ணாடியும் மாடிக்கு ஒன்றாகப் பட்டன்களும், ஒவ்வொரு மாடியிலும் சுவரில் பதித்த எவர்சில்வர் தகடு, தகட்டின் நடுவில் ஒரு பட்டன். உப்புக் காற்று எங்கள் பக்கத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கீல், ஏசியின் வெளிப்பெட்டி, வாஷிங் மெஷினின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே இருக்கும். லிஃப்டை முடித்தது உப்பு அல்ல, ஒரு மின்னல்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டடத்தில் எல்லோருக்கும் இன்னமும் டீச்சர்தான். முடக்குவாதம் அவளுடைய இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு விட்டது. வீட்டுக்குள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பாள். மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கீழ்வீட்டுப் பையன்கள் வந்து கேட்டபோது, "என்னைப் பொணம் மாதிரி தூக்க வேணாம்பா, அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள்.

வாரத்தில் மற்ற நாட்களில் அவள் இதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் மணி அடிக்கும்போது மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவ்வப்போது ஃபாதர் மூச்சு வாங்க ஏறி வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார்.

"உங்களுக்கு நான் தண்டனை குடுக்கிற மாதிரி இருக்கு ஃபாதர்."

"தவக்காலம்தானே டீச்சர். எனக்கும் உடம்பை வருத்திக்க ஒரு ஒறுத்தல் வேணும்."

அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "குருத்து ஞாயிறுக்காவது என்னைக் கீழ இறக்கிடுடி. ஓலையைப் பிடிச்சுக்கிட்டுப் பவனி பின்னாடி போகக்கூட வேணாம். வாசல்ல நின்னு பார்த்தாப் போதும்."

லிஃப்ட் மெக்கானிக் எங்கள் பகுதியில் பல கட்டடங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். நான் அவரை அண்ணா என்பேன். மொட்டை மாடியில் மோட்டார் அறையைத் திறந்து, கருகிப்போன ஒரு சர்க்யூட் போர்டை உருவி என் கையில் வைத்தார்.

"பெரிய போர்டு நல்லாத்தான் கீது பாப்பா. இது பட்டன் போர்டு. மின்னல் வந்து இத்த மட்டும் தின்னுட்டுப் பூட்ச்சு."

"வேற வாங்கிப் போட முடியாதாண்ணா?"

"செஞ்ச கம்பெனியே இல்ல. போர்டுக்கு எங்க போறது? பட்டனை அமுக்கினா எந்த மாடின்னு இது பெரிய போர்டுக்குச் சொல்லும், அவ்ளோதான் இத்தோட வேலை. அது இல்லாம வண்டி குந்திக்கினு கீது."

கதவு திறந்திருந்தால் நிற்பது, கயிறு தளர்ந்தால் பிடிப்பது போன்ற பாதுகாப்பு விஷயங்கள் எல்லாம் வேறு இணைப்பில் இருப்பதை அவர் காட்டினார். நான் கருகிய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சில ரிலேக்கள், சில கனெக்டர்கள். இதை நான் வரைந்துவிடலாம் என்று அங்கேயே தோன்றிவிட்டது. எனக்கு எதுவும் அங்கேயே, அப்போதே தோன்றிவிடும். அது என் சுபாவம்.

அசோசியேஷன் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. செயலாளர் இரண்டாவது மாடியில் இருப்பவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். புது லிஃப்ட் போடலாம், ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட அடுத்த வருஷம் ஆகிவிடும் என்றார்.

"அந்த போர்டை நான் பண்ணித் தரேன் அங்கிள்," என்றேன்.

"நீயா? ஆத்துல உக்காந்துண்டா?"

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்பினா போர்டா அடிச்சுக் குடுத்துருவாங்க. அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. ஃப்ரீ. நானும் அதுல வேலை செய்யறேன்."

"ஃப்ரீயா? ஃப்ரீன்னா கேரண்டி யாரு குடுப்பா?"

"நான்தான் அங்கிள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "டீச்சர் பொண்ணு, கணக்கு தப்பாது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் முடிந்தது.

அந்த மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்சுற்றுகளை வரையவும், வரைந்ததைச் செம்பும் பலகையுமாகச் செய்யத் தேவையான கோப்புகளை எடுக்கவும் பயன்படுவது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், பிடிக்காததை மாற்றலாம். நான் அதற்குள் நுழைந்தது கல்லூரியில். வகுப்பு முழுவதும் விலை உயர்ந்த ஒரு மென்பொருளின் திருட்டு நகலில் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தது. என் மடிக்கணினியில் அந்த நகல் ஓடவில்லை. அதனால் இதற்கு வந்தேன். பிறகு இதை விட்டுப் போகத் தோன்றவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடிகிற ஒரு பொருள் என் கைக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

முதலில் மெனுக்களைத் தமிழில் மொழிபெயர்த்தேன். பிறகு சிறு சிறு கோளாறுகளைத் திருத்தி அனுப்பினேன். முகம் தெரியாத யாரோ வரி வரியாகப் படித்து, இங்கே ஏன் இப்படி, அங்கே ஒரு சோதனை சேர் என்று திருப்பி அனுப்புவார்கள். மூன்றாவது, நான்காவது முறையில் ஏற்றுக்கொள்வார்கள். அடையாறில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாரும் என் வேலையை அப்படிப் படித்ததில்லை. ஞாயிறு காலைகளில் புதிதாக வந்திருக்கும் புகார்களைப் படித்துப் பிரித்து வைப்பது என் பொறுப்பாயிற்று. ஐரோப்பாவில் இருப்பவர்கள் விழிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன்.

மென்பொருளின் உரிமத்தில் ஒரு பத்தி உண்டு. முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கும். இது பயன்படும் என்ற நம்பிக்கையில் தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று பொருள். நான் அதைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை யாராவது படிப்பார்களா?

பட்டன் போர்டை வரைவது எனக்குத் திருவிழாவாக இருந்தது. கருகியதைப் பார்த்துப் பார்த்து இணைப்புகளைக் கண்டுபிடித்தேன். ரிலேக்களும் கனெக்டர்களும் ரிச்சி தெருவில் கிடைத்தன. போர்டின் ஒரு பாதியில் வீட்டு மின்சாரம், கொல்லக்கூடியது. மறு பாதியில் பட்டன்களுக்குப் போகும் சிறு மின்சாரம், தொட்டாலும் ஒன்றும் ஆகாதது. இரண்டுக்கும் நடுவே வெறும் இடம் விட வேண்டும். போர்டின் மீதி இடத்தையெல்லாம் மென்பொருளே செம்பால் நிரப்பிவிடும். தரையில் கொட்டிய தண்ணீர் பாத்திரங்களைச் சுற்றிப் பரவுகிற மாதிரி அது பரவும். எதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று நாம் விதி எழுத வேண்டும். முதலில் வழக்கமான சிறு இடைவெளிதான் இருந்தது. பிறகு எங்கள் கடற்காற்று நினைவுக்கு வந்து, வீட்டு மின்சாரத்தைச் சுற்றி ஒரு பென்சில் படுக்கிற அளவு வெறும் இடம் வேண்டும் என்று விதியை மாற்றினேன். சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் செம்பு விலகி, அகலமான ஒரு ஆறு போல வெற்றிடம் விழுந்தது. கீழே பச்சையில் ஒரு வரி வந்தது: பிழை ஏதும் இல்லை.

அந்த வரி என்னுடைய மொழிபெயர்ப்பு. இன்னொரு தன்னார்வலர், கோயம்புத்தூர்க்காரர், 'பிழை எதுவும் கண்டறியப்படவில்லை' என்று போடலாம் என்றிருந்தார். பெட்டிக்குள் அடங்காது, நீளம் என்று நான் மறுத்திருந்தேன்.

சேமித்தேன். கோப்புகளை ஒரே கட்டளையில் எடுக்க நானே எழுதி வைத்திருந்த சிறு நிரலை ஓட்டி, போர்டு அடிப்பவர்களுக்கு அனுப்பினேன். நிறம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கறுப்பு என்றேன். எங்களைப் போன்றவர்களுக்குக் கறுப்பு போர்டு என்றால் ஒரு மோகம். பட்டு மாதிரி இருக்கும். அதில் செம்பு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கறுப்புத்தான் கேட்போம்.

போர்டுகள் வந்ததும் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ரிலேக்களை ஈயத்தால் பற்றவைத்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் புகையை மூஞ்சியில வாங்காதடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அண்ணா வந்து வாங்கிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, செல்ஃபோன் கணக்கா கீது. இத்தப் போட்டா வண்டி ரெண்டு மாடி எகிறிக்கினு போவப் போவுது."

எகிறவில்லை. பழைய முனகலோடு, பழைய வேகத்தில், ஒவ்வொரு மாடியிலும் நின்றது. செயலாளர் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, "பேஷ்" என்றார். மாடிக்கு மாடி கதவு திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குருத்து ஞாயிறு காலை அம்மா சரிகைக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் லிஃப்டுக்குள் நின்றபோது கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "கொஞ்சம் கறுத்துட்டேன் இல்ல?" என்றாள். வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் எப்படிக் கறுக்க முடியும்? "இல்லம்மா" என்றேன். கோயில் வாசலில் அவளுடைய பழைய மாணவிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஓலையைக் கையில் வாங்கியவள், வாசலில் நின்று பார்ப்பதாகச் சொன்னவள், பவனியின் கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். பூசை முடிந்ததும் அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். "நீ போ. நான் ஆட்டோல வந்துருவேன். கீழ வந்துட்டா அப்புறம் என்ன, லிஃப்ட் இருக்கு" என்றாள் அம்மா.

நான் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் புகார்கள். மூன்றாவதாக இருந்ததைத் தென் அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது. சொல்ல வந்தது மட்டும் தெளிவாக இருந்தது: விதியை மாற்றினேன், சரிபார்த்தேன், திரையில் புதிய இடைவெளி தெரிந்தது, சேமித்தேன். கையில் வந்த போர்டில் பழைய இடைவெளி இருக்கிறது.

படித்தவுடன் காதில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூலநிரலைத் திறந்தேன். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. சரிபார்க்கும் பகுதி, செம்பைப் புதிய விதிப்படி மறுபடி நிரப்பி, அந்தப் புதியதைச் சரிபார்க்கிறது. ஆனால் கோப்பில் மாற்றம் நடந்தது என்று குறித்துவைக்க மறந்துவிடுகிறது. அதன் பிறகு சேமி என்றால், விதி வேறு கோப்பில் இருப்பதால், போர்டில் மாறியது எதுவும் இல்லையே என்று மென்பொருள் பழையதை அப்படியே விட்டுவிடுகிறது. திரையில் இருப்பது புதியது. கோப்பில் இருப்பது பழையது. என் நிரல் கோப்பைத்தான் படித்தது. சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

மீதிப் போர்டுகள் அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்து ஃபோனின் டார்ச்சை அதன் பின்னால் வைத்துப் பிடித்தேன். செம்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் வராது. இல்லாத இடத்தில், கறுப்பைத் தாண்டி மங்கிய பழுப்பாக வரும். பென்சில் படுக்கிற ஆறு அங்கே இல்லை. ஒரு நூல் ஓடியது. அந்த நூலுக்கு இந்தப் பக்கம் வீட்டு மின்சாரம், அந்தப் பக்கம் ஒவ்வொரு மாடியின் எவர்சில்வர் தகட்டுக்கும் போகிற கம்பி.

இன்று ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். காய்ந்த நாள். கீழே போய் டெஸ்டரைத் தகட்டில் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. எரிந்திருந்தால்கூட நல்லது என்று தோன்றியது, எரிந்தால் யாரிடமும் விளக்க வேண்டியிருக்காது. உப்பு படிந்து, தூசி படிந்து, மழை ஈரம் ஏறும்போது அந்த நூல் போதாது. என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக்கையோடு பட்டனை அமுக்குகிற அக்கா, குச்சி ஐஸ் ஒழுக ஒழுக ஓடி வரும் முதல் மாடிக் குழந்தைகள். அம்மா.

மொட்டை மாடிக்கு ஏறி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். அதன் பிறகுதான் அம்மா இன்னும் கீழே இருக்கிறாள் என்பது உறைத்தது.

செயலாளர் வாழைத்தண்டும் காய்கறிப் பையுமாகக் கீழே நின்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி வருவதைப் பார்த்தார்.

"ஏம்மா, கரண்ட் போயிடுத்தா?"

"நான்தான் ஆஃப் பண்ணினேன் அங்கிள். போர்டுல ஒரு தப்பு இருக்கு."

விளக்கினேன். அவர் பையைக் கீழே வைக்காமல் கேட்டார். நூல், பென்சில், உப்பு எல்லாம் சொன்னேன்.

"ஓடிண்டுதானே இருந்தது?"

"ஓடும் அங்கிள். இப்பவும் ஓடும்."

"யாருக்காவது ஷாக் அடிச்சுதோ?"

"இல்ல."

"அப்போ ஓடறத எதுக்கு நிறுத்தினே? நாளைக்குக் கூடிப் பேசி நிறுத்தக்கூடாதா? கேரண்டி நான்னு நீதானே சொன்னே?"

"அதனாலதான் நிறுத்தினேன்."

அவர் படியேறத் தொடங்கினார். நான் பையை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

மெக்கானிக் அண்ணாவுக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அட, இன்னா நீ, ஒரு நூலு கேப்புக்கா பயந்துக்கினு கீற? நான் பாக்காத போர்டா? ஒண்ணியும் ஆவாது."

"அம்மா வெளிய போயிருக்காங்கண்ணா. இப்ப வந்துருவாங்க."

"அப்பொ ரொம்ப சிம்பிள். டீச்சரம்மா வந்தா சுவிட்சைப் போடு, மேல ஏத்து, திரும்ப ஆஃப் பண்ணிடு. ஒரு தபாதான பாப்பா."

ஒரு தடவைதான். ஃபோனை வைத்துவிட்டு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது என்று நானே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். அம்மாவைத் தொடவிடாமல் நானே மரக்குச்சியால் அமுக்கலாம். ஆனால் அப்படி ஏற்றிவிட்டு நான் செயலாளரிடம் போய், அம்மாவுக்குப் போட்டேன், உங்களுக்குப் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் போட வேண்டும். சாயங்காலம், நாளை, மழை வரும்வரை.

ஆட்டோ வந்தது. அம்மா ஒரு கையில் குருத்தோலையும் மறு கையில் பிரியாணி டப்பாவுமாக இறங்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "உனக்குக் குடுத்து விட்டாங்க" என்று டப்பாவை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு சொன்னேன். எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாக.

அவள் கிரில் கதவைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"நான் மேல போற வரைக்கும் விட்டிருக்கலாம்லடி."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் முடியலம்மா."

"ஒரு மணி நேரம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கக் கூடாதா உனக்கு?"

கீழ்வீட்டுப் பையன்கள் மறுபடி நாற்காலியோடு வந்தார்கள். அம்மா தலையை ஆட்டிவிட்டாள். நாற்காலியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் ஏறினோம். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்ப் படி திரும்பும் இடத்தில் வைப்பேன். இறங்கி வந்து அவளுக்குத் தோள் கொடுப்பேன். ஒரு காலை வைத்து, அதே படியில் மற்ற காலைச் சேர்த்து, நின்று, மூச்சு வாங்கி. நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். ஓலையை மட்டும் கையிலிருந்து விடவில்லை. இரண்டாவது மாடியில் செயலாளர் வீட்டுக் கதவு திறந்தது. அவர் ஒரு டம்ளர் மோரை நீட்டினார். அம்மா குடித்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "மெதுவாப் போங்கோ டீச்சர்" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா படுத்துவிட்டாள். முழங்கால்கள் இரண்டும் வீங்கிச் சூடாக இருந்தன. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈஸ்டருக்கு அவள் கீழே இறங்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்து உட்காரவே பல நாள் பிடித்தது. ஃபாதர் ஏறி வந்தார். இந்தத் தடவை ஒறுத்தலைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் புகாரின் கீழே எழுதினேன்: எனக்கும் இதே நடந்தது. கோளாறு இருக்கும் இடம் இது. திருத்தம் இணைத்திருக்கிறேன். திருத்தம் என்பது ஒரே ஒரு வரி. செம்பை மறுபடி நிரப்பினால், மாற்றம் நடந்தது என்று குறித்துவை. அதற்கான சோதனையை எழுதுவதுதான் நீளமாக இருந்தது. மென்பொருளின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நபர், வடக்கே ஏதோ குளிர் நாட்டுக்காரர், எப்போதும் போல மரியாதையாகக் கேட்டார்: இதன் தீவிரம் என்ன என்று குறிப்பிட முடியுமா? முதலில் வந்த புகாரில் 'சாதாரணம்' என்று இருக்கிறது.

சாதாரணம்தான். ஒரு விளக்கை மினுக்கும் போர்டில் இது நடந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதத் தொடங்கி அழித்தேன். கடைசியில், 'இந்தப் போர்டுகளை மனிதர்கள் தொடுகிறார்கள்' என்று மட்டும் எழுதினேன். அவர் அதைப் 'பாதுகாப்பு' என்று மாற்றி, அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்காமல் உடனே சேர்த்தார். தென் அமெரிக்கக்காரர் ஒரு கைகூப்பும் படம் போட்டார். அதே வாரம் அந்த மொழிபெயர்ப்பு வரியையும் மாற்றினேன். 'பிழை எதுவும் கண்டறியப்படவில்லை.' பெட்டிக்குள் அடங்கத்தான் செய்தது.

புதிய போர்டு பச்சை நிறத்தில் வந்தது. அளவுகோலை வைத்து அளந்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு அகலமாக ஓடியது. மெக்கானிக் அண்ணா முணுமுணுத்துக்கொண்டே எங்கிருந்தோ மின்கசிவைக் காட்டும் ஒரு இன்சுலேஷன் மீட்டரை இரவல் வாங்கி வந்து, இரண்டு பாதிக்கும் நடுவே சோதித்தார். "பாத்துக்கோ, முள்ளு அசையல. இப்பவாவது தூங்குவியா?" என்றார். மூன்று நாள் போர்டு என் மேஜையிலேயே கிடந்தது. பொருத்தச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் செயலாளரே வந்து கேட்டார்.

"சரியா இருக்கோ?"

"நான் பார்த்த வரைக்கும் சரியா இருக்கு அங்கிள்."

"போன தடவை வேற மாதிரி சொன்னியே?"

"போன தடவை சொன்னேன்."

போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. "சரி, மாட்டு. ஒரு நாள் முழுக்க நீ மட்டும் ஏறி எறங்கு. அப்பறம் நாங்க வரோம்," என்றார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து நான் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே போவேன், பட்டனை அமுக்குவேன், டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன், முதல் மாடிக்கு வருவேன், அங்கேயும் அதையே செய்வேன். மூன்றாவது மாடியில் கிரில் திறக்கும்போதெல்லாம் அம்மா வீட்டு வாசலில் நின்றாள். முதலில் நைட்டியில் நின்றாள். பிறகு பார்த்தால் புடவை மாற்றியிருந்தாள். அதற்கடுத்த தடவை கையில் பையும் இருந்தது.

"இன்னும் ஒரு தடவை பார்த்துடறேம்மா."

கீழே போய் வந்தேன். தண்ணீர்க் குழாயில் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு தகட்டையும் உள்ளங்கை முழுக்கப் பதித்துப் பார்த்தேன். குளிர்ந்த உலோகம். அவ்வளவுதான். ஆனாலும் மேலே வரும்போது காதுக்குள், திரையில் தெரிவதா கோப்பில் இருப்பதா என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. இது மட்டும்தான் தப்பா? இன்னும் யாரும் புகார் எழுதாத வேறொன்று உள்ளே இருந்தால்?

கோயில் மணி அடித்தது. கிரில்லைத் திறந்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

"நகருடி."

நான் நகரவில்லை. அவள் சுவரிலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்து, என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். கிரில்லை இழுத்து மூடிவிட்டு, ரசம் போன கண்ணாடியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பட்டனை அமுக்கவென்று லிஃப்டின் மூலையில் வைத்திருந்த மரக்குச்சியை நான் எடுக்கக் குனிவதற்குள், வளைந்துபோன ஆள்காட்டி விரலை நீட்டிக் கீழ்த்தளப் பட்டனை அழுத்தினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போய்ச் சேரும்வரை அவள் அதைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை.